வெட்டிப் போட்ட காசு

அருப்புக்கோட்டையில் நாணயக் கண்காட்சி போடப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தபோது நான் நம்பவில்லை. சேவுக் கடைக்கும் தறிக்கும் பேர்போன ஊரில் பழைய காசைப் பார்க்க எவன் வரப்போகிறான்? ஆனால் 1993 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தல்குடி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மதுரை, தூத்துக்குடி ஆட்கள் வரிசையாக மேஜை போட்டுவிட்டார்கள். நான் ஆராதனை முடிவதற்குள் சபையிலிருந்து நழுவினேன். என் மனைவி ஈவா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்த பார்வை மண்டபம் வரைக்கும் என் முதுகில் இருந்தது.

என் பெயர் ரூபன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வீட்டின் முன்பகுதியிலேயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். எட்டு மெஷின். அதில் ஆறு ஒழுங்காக ஓடும். அப்போது என் வலது கையில் உருப்படியாக இருந்தது கட்டை விரல் ஒன்றுதான்.

எண்பத்தைந்தில் சுண்டு விரல் மரத்தது. இரண்டு வருஷத்தில் மோதிர விரல், அப்புறம் நடுவிரல். போன கிறிஸ்துமஸுக்கு ஆள்காட்டி விரலும் தடுமாற ஆரம்பித்தது. மதுரையில் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் நரம்பு என்றார். ஒருவர் கழுத்தெலும்பு என்றார். மூன்றாமவர் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார், அவருக்குத்தான் ஃபீஸ் அதிகம். டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? வாய்தான். எட்டு மெஷின் சத்தத்துக்கு மேலே நின்று 'ஏ எஸ் டி எஃப்' என்று கத்துவேன், தெருமுனை டீக்கடை வரை கேட்கும். வெளியில் சிடுசிடுத்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம். கட்டை விரலும் போய்விட்டால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாது, ஒரு கையெழுத்துப் போட முடியாது. ஈவா தினமும் படுக்கும் முன் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுவாள். எட்டு வருஷத்தில் ஒருநாள் விட்டதில்லை. நான் பாதியில் தூங்கிவிடுவேன்.

கண்காட்சி நான் நினைத்ததைவிட மோசம். பாதிப் பேர் காசைப் புளி போட்டுத் தேய்த்து எவர்சில்வர் டம்ளர் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய காசைத் தேய்க்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, சரி சார் என்று இரக்கமாகத் தலையாட்டினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மண்டபத்தின் கடைசியில், கை கழுவும் இடத்தை ஒட்டி, ஒரு மேஜை தனியாகக் கிடந்தது. அதன் பக்கம் ஆளே இல்லை. கூட்டம் அந்த மேஜைக்கு நான்கு முழம் முன்னாலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தட்டோடு வந்த டீக்காரர்கூட எட்டி நின்று சுற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் அவ்வளவு இரைச்சல், அந்த மூலையில் மட்டும் குழாய் சொட்டுகிற சத்தம் தனியாகக் கேட்டது.

மேஜைமேல் ஒரு பித்தளைத் தாம்பாளம். அது நிறையக் காசு. எல்லாம் பாதி. முழுக்காசு ஒன்றுகூடக் கிடையாது. ரூபாய், அரை ரூபாய், ஓட்டைக் காலணா, ஜார்ஜ் ராஜா, அசோகச் சிங்கம், எல்லாவற்றையும் யாரோ நடுவில் உளி வைத்துப் பிளந்திருந்தார்கள்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர் மல்லாங்கிணற்றுச் சங்கையா, பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர். எனக்கு முகம் தெரிந்தவர். விசாரித்தேன். குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஒரு காளி கோயில் இருக்கிறதாம். அதன் கிணற்றைத் தூர் வாரியபோது சேற்றோடு வந்தவை இவை. எடைக்கு எடுத்தாராம். உருக்கிக் காசாக்கலாம் என்று நான்கு ஆசாரிகளிடம் கொண்டுபோனாராம், நான்கு பேரும் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். இந்த மாதிரிக் கூட்டத்தில் எதையும் வாங்குவார்கள் என்று யாரோ சொன்னதால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்காக இப்படி வெட்டினார்கள் என்று கேட்டேன். சங்கையா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க வேதக்காரவுக. உங்களுக்குத் தெரியாது. இது காசு வெட்டிப் போடுறது சாரு. களவு குடுத்தவுக, அவச்சொல்லு கேட்டவுக, நாயம் கெடைக்காதவுக போயி ஆத்தா முன்னாடி வெட்டுவாக. ஒரு பாதி கெணத்துக்கு, ஒரு பாதி வெட்டுனவுக கையில."

"வெட்டுனா?"

"எதிராளிக்குக் கை வெளங்காது. காலு வெளங்காது. என்ன சொல்லி வெட்டுறாகளோ அது."

எடுத்துப் பார்க்க வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் தொடமாட்டேன் என்றும் சொன்னார். அவர் மடியில் ஓர் இடுக்கி கிடந்தது. வியாபாரி தன் சரக்கைத் தானே தொடமாட்டேன் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். வீம்புக்காகவே தாம்பாளத்தை நோக்கிக் கையை நீட்டினேன். வழக்கமாக இடது கையைத்தான் நீட்டுவேன். அன்றைக்கு வலது கை போயிற்று.

செத்துக் கிடந்த சுண்டு விரல் துடித்தது. எட்டு வருஷமாக ஊசி வைத்துக் குத்தினாலும் தெரியாத விரல், கொதிக்கிற எண்ணெயில் விட்டது போல் எரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்தேன். இழுத்த வேகத்தில் குவியல் சரிந்து அடியிலிருந்து வெள்ளிக்காசு ஒன்றின் பாதி வெளியே வந்தது.

இடது கையால் அதை எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். ராஜாவின் தலை இல்லை. கழுத்துக்குக் கீழே அங்கி இருந்தது, அங்கியில் அந்த யானை இருந்தது. பின்பக்கம் 1911.

காசு சேர்க்கிறவர்களுக்கு அந்த வருஷம் போதும். ஜார்ஜ் ராஜாவின் முதல் ரூபாய். அங்கியில் போட்ட யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று ஊரெல்லாம் முணுமுணுப்பு வந்து, அடுத்த வருஷமே யானையைத் திருத்திவிட்டார்கள். பழையதில் நிறைய உருக்கிவிட்டதாகச் சொல்வார்கள். பன்றிக் காசு என்றுதான் எங்களுக்குள் பேர். எழுபத்தொன்பதில் இரண்டு மாத வருமானத்தைக் கொட்டி அப்படி ஒன்று வாங்கினேன். அதன் யானைக்குப் பின்னால் ஏதோ ஓர் ஆசாரி உரசிப் பார்த்த சிறு தேய்ப்பு இருக்கும், அதற்கு நேர் கீழே விளிம்பில் அரிசி நுனி அளவு ஒரு வெட்டு. ஆயிரம் தடவை பார்த்த அடையாளங்கள். லென்ஸுக்குள் இரண்டும் இருந்தன.

அது என் காசு. 1984-ல் களவு போன காசு.

யார் எடுத்தது என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை. பரளச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்துக்கொண்டிருந்த தங்கச்செல்வி. பத்தொன்பது வயது, தகப்பன் இல்லை, கெட்டிக்காரி, டைப்பிங் லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். காசு காணாமல் போன சாயங்காலம் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றது அவள் ஒருத்திதான். மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து அவள் ஊருக்கே போனேன். வீட்டு வாசலில் நின்று, தெருவே கூடிப் பார்க்க, உன் மகள் திருடி என்று அவள் அம்மா முத்துமாரியம்மாளிடம் கத்தினேன். அந்த அம்மா மாவாட்டின கையோடு வந்து நின்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் தங்கச்செல்வி இன்ஸ்டிடியூட் வாசல் மிதிக்கவில்லை. அவளுடைய ஹால் டிக்கெட் என் டிராயரிலேயே கிடந்து மஞ்சளாகிவிட்டது. கண்ணால் பார்க்காமல் ஒருத்தியைத் திருடி என்று சொல்லலாமா என்று ஈவா அன்று கேட்டாள். ஒன்பது வருஷமாக அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியை அவள் விட்டுவிடவும் இல்லை.

இப்போது கையில் சாட்சி. எனக்கு வந்த முதல் உணர்ச்சி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று யாரிடமாவது கத்த வேண்டும் போல் இருந்தது. இரண்டாவதாகத்தான் கை ஞாபகம் வந்தது. வேதக்காரன் நான், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் என் காசை எடுத்து வெட்டிப் போட்டிருக்கிறாள், மறு வருஷம் என் விரல் போயிருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்காதே என்று மனசுக்குச் சொன்னால் அது கேட்குமா?

சங்கையா விலை சொல்லவில்லை. கையில் கொடுக்காதீர்கள், மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார். ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மத்தியான பஸ்ஸில் கூட்டமில்லை. வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. கொத்தமல்லி பிடுங்கின காட்டில் புழுதி பறந்தது. சட்டைப் பையில் கிடந்த பாதிக் காசு மட்டும் சூடேறவே இல்லை. பஸ்ஸின் இரும்புக் கம்பியைப் பிடிக்க முடியாத வெயில், ஆனால் என் நெஞ்சில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஜில்லென்று ஓர் இடம் இருந்தது. எடுத்து இடது பையில் போட்டேன், வலது பையில் போட்டேன், டிபன் பை ஒன்று கொண்டுபோயிருந்தேன், அதில் போட்டேன். அந்த ஜில்லிப்பு நெஞ்சை விட்டு நகரவில்லை.

அதே வீடு. ஓடு மாற்றியிருந்தார்கள். தங்கச்செல்வி வாசலில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள். புருஷன் கோட்டைச்சாமி லாரி லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போயிருக்கிறானாம், வீட்டில் வேறு யாருமில்லை. என் காலடி கேட்டு நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவள் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

"உங்களுக்கா சார்?" என்றாள். "உங்க கையிலயா?"

எனக்கு அது புரியவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. பாதிக் காசைத் தரையில் போட்டு, இது உன்னிடம் எப்படி வந்தது, சொல் என்றேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழி கலைந்து ஓடியது.

அவள் குனிந்து காசைத் தொடாமல் பார்த்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். நான் வாசலில் கத்திவிட்டுப் போன அன்றைக்கு, தன் மேல் விழுந்த பழி தாங்காமல், அம்மா பார்க்கட்டும் என்று தன் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாளாம். டிபன் பாக்ஸ், கைக்குட்டை, நோட்டு விழுந்தன. கடைசியாக ராஜா தலைக் காசு விழுந்தது. கூடப் படித்தவர்களில் யாரோ வேண்டுமென்றே தன் பையில் போட்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். திருப்பிக் கொண்டுவந்தால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். அன்றைக்கே அம்மாவும் மகளும் குண்டாற்றைக் கடந்து அந்தக் காளியிடம் போனார்கள்.

"என்ன சொல்லி வெட்டுன?"

அவள் காசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எம் பையில இதைப் போட்ட கை யாரு கையின்னு எனக்குத் தெரியாது தாயே, உனக்குத் தெரியும், அந்தக் கை ஒவ்வொரு வெரலாப் போகணும். இதான் சார் சொன்னேன். உங்க பேரை நான் சொல்லல. நீங்க காசைப் பறிகுடுத்தவுகதானே, உங்க மேல எதுக்கு வெட்டப்போறேன்?"

அப்படியானால் இது ஏன் என் கையில் வந்து விழ வேண்டும்? அவள் பொய் சொல்கிறாள் என்று மடக்கத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். பையில் அந்தக் காசைத் தவிர வேறு பணம் எவ்வளவு இருந்தது என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். நீங்க மீதி குடுத்தீகள்ல ஒரு ரூவா, அதைக்கூடத் தேடுனேன். அதையும் காணோம்."

மீதி ஒரு ரூபாய்.

அந்தச் சாயங்காலம் முழுதாக என் முன்னால் வந்து நின்றது. பன்றிக் காசை ஆல்பத்திலிருந்து எடுத்து மேஜை விளக்கின் கீழே வைத்து லென்ஸால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரண்ட் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே ஈவா தீப்பெட்டி தேடுகிறாள். தங்கச்செல்வி மாதக் கட்டணம் பதினான்கு ரூபாய்க்குப் பதினைந்தாக நீட்டுகிறாள். மேஜையில் சில்லறையைத் துழாவுகிறேன். அவள் வேண்டாம் என்கிறாள். நாளைக்கு வாங்கிக்கிறேன் சார், விளக்கு வைக்கிற நேரம், காசு கை மாறக் கூடாது என்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது. என் வீட்டில் வந்து நின்றுகொண்டு எனக்கே சாத்திரம் சொல்கிறாளா? கர்த்தருடைய பிள்ளைகளுக்கு விளக்கு வைக்கிற நேரமும் கிடையாது, வைக்காத நேரமும் கிடையாது என்று சொல்லி, விரலுக்குத் தட்டுப்பட்ட ரூபாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறேன். பழைய ரூபாயும் அன்றைய ரூபாயும் கைக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அந்த நேரத்தில் வாங்கிய காசைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காமல், அவள் பார்க்கக்கூடப் பார்க்காமல் பைக்குள் போடுகிறாள்.

வேறு யாரும் அவள் பையில் போடவில்லை. நான் கொடுத்தேன். அவள் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, இந்த வலது கையால் கொடுத்தேன். காளி ஆளை மாற்றிப் பிடிக்கவில்லை.

ஒன்பது வருஷம். அவள் பரீட்சை எழுதவில்லை, வேலைக்குப் போகவில்லை, திருடி என்ற பேரோடு இந்தத் தெருவிலேயே கல்யாணமும் பண்ணி இருந்திருக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்த வேகத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"தங்கச்செல்வி, நீ எடுக்கலம்மா. நாந்தான் இருட்டுல மாத்திக் குடுத்துட்டேன். நீ திருடலை."

அவள் பாய்ந்து எழுந்தாள், என் வாயைப் பொத்த வருகிறவள் போல. பாதியில் கை நின்றுவிட்டது. பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்பது வருஷத்துப் பாரம் இறங்குவதை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது பயம்.

"இதை நீங்க வாயால சொல்லிருக்கக் கூடாது சார்," என்றாள்.

அன்றைக்குக் கோயிலில் வெட்டியது ஒரு காசு இல்லை, இரண்டு என்றாள். தான் வெட்டி முடித்ததும் அம்மா முந்தியிலிருந்து ஒரு சாதா ரூபாயை எடுத்து வைத்து வெட்டினார்களாம். அது பையில் போட்ட கைக்காக இல்லை. வாசலில் வந்து கத்தினவருக்காக.

"அம்மா சொன்னது எனக்கு மறக்கல சார். எம் மக திருடலைன்னு அந்த வாயே ஒரு நாளைக்குச் சொல்லணும். அதுவரைக்கும் அந்த வாய்க்கு ஒண்ணும் ஆகக் கூடாது. சொன்னதுக்கப்புறம் அந்த வாயி எதுக்கு தாயே, நீ எடுத்துக்கோ. அப்பிடித்தான் சொன்னாக."

அம்மாவின் பாதி எங்கே, அதையும் கொண்டுவா என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. முத்துமாரியம்மாள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். அந்தப் பாதியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடித்தான் புதைத்தார்களாம். அம்மாவே அப்படிக் கேட்டுக்கொண்டார்களாம். வெட்டினவரால்தான் தன் வாயால் சொல்லித் திரும்ப எடுக்க முடியும். வேறு யாராலும் எடுக்க முடியாது.

நான் சிரித்தேன். பாரும்மா, என் குரல் எப்படி இருக்கிறது, இதுவா போகப்போகிறது என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் கைக்கு ஏதாவது வழியுண்டா என்று பிறகு கேட்டேன். அதைக் கேட்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்க முடியவில்லை.

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்க வாயில்லை. கடைசியில் எழுந்து போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்தாள். உள்ளே ராஜாவின் தலை. என் பாதியைத் தரையிலிருந்து எடுத்து அதோடு சேர்த்து வைத்தாள். உளி பிளந்த கோடு மூடிக்கொண்டது. லென்ஸ் வைத்திருந்தால்கூட நான் கோட்டைக் கண்டுபிடித்திருக்கமாட்டேன். அவள் குண்டாறு இருக்கும் திக்கைப் பார்த்து நின்றாள்.

"நான் போட்டதை நானே எடுத்துக்கிட்டேன் தாயே. அந்தக் கையை விட்டுரு."

முதலில் ஆள்காட்டி விரலுக்குள் எறும்பு ஊர்ந்தது. நடுவிரல் தானாக ஒருமுறை மடங்கி நீண்டது. நான் கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷத்தில் அவளுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. மன்னித்துவிடு என்று கண்டிப்பாகச் சொல்லவில்லை. அது தெருவுக்கு நடுவில் நின்று சொல்ல வேண்டியது, அடுத்த வாரம் ஈவாவையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்தக் காலத்தில் கூடிய ஆட்களைக் கூப்பிட்டு, முறையாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். தங்கச்செல்வி வாசல் வரை வந்தாள்.

"யாருகிட்டயாவது பேச வேண்டியது ஏதும் இருந்தா சீக்கிரம் பேசிருங்க சார்," என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மோதிர விரல் வந்தது. பஸ்ஸில் சுண்டு விரலும் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் ஐந்து விரலாலும் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். முத்துமாரியம்மாளைச் சுத்தமாக மறந்துபோனேன். கண்டக்டர் எட்டணா மீதி தரவில்லை. என் வழக்கம் விடுமா, எழுந்து நின்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டேன். நடுவில் குரல் கரகரத்தது. புழுதி என்று நினைத்தேன். இறங்கும்போது மீதிக்காசை வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

வீட்டில் ஈவா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆராதனையில் நழுவியதற்கு அர்ச்சனை தயாராக வைத்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவள் முன்னால் போய் நின்று வலது கையை விரித்தேன். மூடினேன். ஒவ்வொரு விரலாகக் கட்டை விரலில் தொட்டுக் காட்டினேன், சின்னப் பிள்ளைக்கு ஒன்று இரண்டு எண்ணிக் காட்டுகிற மாதிரி.

ஈவா வாசற்படியிலிருந்து இறங்கினாள். அப்படியே மண்டி போட்டு என் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக அவள் பிடித்த கை. இன்றைக்குத்தான் அது அவளைத் திரும்பப் பிடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதாள். என்னையும் பக்கத்தில் மண்டியிட வைத்தாள்.

"ஒருநாளாவது வாயத் தொறந்து ஸ்தோத்திரம்னு சொன்னீங்களா? இப்பச் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. நான் கேக்கணும்."

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். மனசார, முதல்முறையாக. அதோடு அவளிடம் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. தங்கச்செல்வி எடுக்கவில்லை, நீ அன்றைக்குக் கேட்டதுதான் சரி, நாளைக்கே அந்த ஊருக்குப் போகவேண்டும். நாக்கு வாய்க்குள் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. மூச்சு வந்தது, போயிற்று. சத்தம் வரவில்லை.

ஈவா கண்ணைத் திறக்கவில்லை. என் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பேச்சு வரலையா? அழுகை வருதா? அழுங்க. அழுதுட்டே மெதுவாச் சொல்லுங்க," என்றாள்.

அவள் சொன்னதில் பாதி சரி. நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.